இரண்டு சத்து மாத்திரை

அந்தி நிறுவைக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஆறாம் நம்பர் மலையின் அடியில், கங்காணி நல்லமுத்து தராசை மாட்டிக்கொண்டிருந்தார். மேலே தேயிலை நிரைக்குள் நின்ற ராசம்மா, முதுகுக் கூடையை இறக்கி வைத்து உள்ளே கையை விட்டு அமுக்கிப் பார்த்தாள். முழங்கை வரை இறங்கியும் கொழுந்து கெட்டியாகத் தட்டுப்படவில்லை.

பதினாறு கிலோ பறித்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். அரைப் பேர் விழுந்தால் அரைநாள் சம்பளம் போவது ஒரு பக்கம். "ராசம்மாவுக்கு இப்பல்லாம் முடியல, என்னாமோ நோவாம்" என்ற பேச்சு அவளுக்கு முன்னாலேயே லயத்து வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அந்தப் பேச்சுக்குத்தான் அவள் நடுங்கினாள்.

"எத்தனை கொறையும் புள்ள?" பக்கத்து நிரையிலிருந்து காளியாயி கேட்டாள். லயத்து வரிசை வீட்டில் ராசம்மாவுக்குப் பக்கத்துக் காம்பராக்காரி, ஒரு சுவர்தான் இடையில். ஐந்து வயது மூத்தவள். அந்த மலையிலேயே வேகமான கைக்காரி.

"மூணு கிலோ வரும்க்கா. கையே ஓட மாட்டேங்குது."

காளியாயி மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன் கூடையிலிருந்து கொழுந்தை இரண்டு கையாலும் அள்ளி, நாலு தடவை ராசம்மாவின் கூடையில் போட்டாள். கங்காணி இதைப் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டுத் தராசின் முள்ளைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரிக்கும் அடுத்தவள் கொழுந்து போடுவது தோட்டத்துச் சட்டத்தில் தப்பு. ஆனால் அந்தத் தப்பு இல்லாமல் ஒரு மலையும் ஓடியதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அன்றைக்கு ராசம்மாவுக்கு முழுப் பேர் விழுந்தது.

அவளுக்கு என்ன நோவு என்று வாசகரிடம் மறைக்க வேண்டியதில்லை. மறைத்ததால் வந்த வினைதான் இந்தக் கதையே. இரண்டு வருடங்களுக்கு முன், 2005-இல், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ராசம்மா கொழும்பில் மருத்துவச் சோதனைக்கு நின்றாள். இரத்தத்தில் ஈரலைத் தின்னும் வைரஸ் இருக்கிறது, ஹெப்படைட்டிஸ் பி என்று சொல்லிக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஊருக்கு வந்து, "வயசு கூடிப்போச்சுன்னுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டாள். புருஷன் சிவசாமிக்கு மட்டும்தான் உண்மை தெரியும். நுவரெலியாவில் பெரிய ஆஸ்பத்திரி கிளினிக்கில் தினம் ஒன்று போட ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். அதை லயத்தில் யாராவது பார்த்துக் கேட்டால், "சத்து மாத்திரை" என்பாள்.

ஏன் இந்தப் பொய்? மேல் லயத்து அழகுமுத்துவுக்குக் காசநோய் வந்தபோது அவள் பார்த்திருக்கிறாள். ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியடிக்கு அவர் வந்தால் பெண்கள் பிடித்த தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனார்கள். எழுந்து போனவர்களில் அவளும் ஒருத்தி. காளியாயியும் ஒருத்தி.

இப்போது காளியாயியின் கதைக்கு வருவோம். நாலு மாதங்களுக்கு முன் அவளுக்கு இருமல் நிற்காமல் போனது. சளியைச் சோதித்துவிட்டுக் காசநோய் என்றார்கள். தினமும் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்து, டிஸ்பென்சர் கண்ணுக்கு முன்னால் மாத்திரை விழுங்க வேண்டும் என்பது ஏற்பாடு. "மூணு மைல் ஏறி எறங்கினா காலையில பேர் பதியுற பெரட்டுக்கு நேரம் தப்பிப்போகுதுங்கய்யா" என்று கெஞ்சி, ஒரு வாரத்து மாத்திரையைக் கையோடு வாங்கிக்கொண்டாள். மூன்று சிவப்பு மாத்திரை காலையில். இருமல் அடங்கியது, கன்னத்தில் சதை போட்டது, கையில் பழைய வேகம் திரும்பியது. யாராவது கேட்டால் அவள் என்ன சொன்னாள்? அவளும் "சத்து மாத்திரை" என்றுதான் சொன்னாள். அடுத்தடுத்த காம்பராவில் இருந்த இரண்டு பேருக்கும் அதைவிட நல்ல பொய் ஒன்று கிடைக்கவில்லை.

ராசம்மா மூன்று நாள் தொடர்ந்து சோர்ந்து நின்றதைக் காளியாயியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு விடியற்காலை, பெரட்டுக்குப் போகும் முன், தைலம் தீர்ந்த சின்ன டப்பா ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். உள்ளே பத்துப் பன்னிரண்டு சிவப்பு மாத்திரைகள்.

"இந்தா புள்ள. சத்து மாத்திரை. நான் எப்படி இருந்தேன், இப்ப எப்படி இருக்கேன் பாத்தியில்ல? ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீ குடி. அடுத்த நாள் நான் குடிக்கிறேன்."

தன்னுடையது சத்து மாத்திரை இல்லை என்று காளியாயிக்குத் தெரியும். ஆனால் தன்னைத் தூக்கி நிறுத்திய மருந்து இன்னொருத்திக்குக் கெடுதல் செய்யும் என்று அவளால் எண்ணவே முடியவில்லை. கொழுந்தை அள்ளிப் போட்ட அதே மனசுதான் மாத்திரையையும் அள்ளிப் போட்டது. மனசைக் குறை சொல்ல முடியாது. கைதான் தப்பான இடத்துக்குப் போய்விட்டது.

அந்த லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாத்திரத்தில் ஒன்று வந்தால் அதை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது. தேங்காய்ச் சம்பல் வந்த கிண்ணத்தில் ரெண்டு பச்சை மிளகாயாவது போட்டுக் கொடுக்க வேண்டும். ராசம்மாவுக்கு டப்பாவில் போட என்ன இருந்தது? தன்னுடைய வெள்ளை மாத்திரையில் எட்டை எண்ணிப் போட்டாள்.

"நீங்களும் இதக் குடிங்கக்கா. இதுவும் சத்துக்குத்தான்."

"ஒரு நாளும் நிறுத்தக் கூடாது, வேறு எந்த மருந்தும் கேட்காமல் போடக் கூடாது" என்று டொக்டர் சொன்னது ராசம்மாவின் காதில் அப்போதும் ஒலித்தது. ஆனால் கூடையில் விழுந்த நாலு கை கொழுந்து அதைவிடப் பக்கத்தில் இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடித்தால் என்ன ஆகிவிடும்? அரைப் பேரும் பேர்தானே என்று நினைத்துக்கொண்டாள். மாசி மாதத்தில் இரண்டு பெண்களும் ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் வெள்ளை என்று விழுங்கினார்கள். டப்பா ஒரு காம்பராவிலிருந்து மறு காம்பராவுக்குப் போய் வந்துகொண்டே இருந்தது.

இரண்டாவது நாளே ராசம்மாவுக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போயிற்று. பதறிக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்கு ஓடினாள்.

"அது அப்படித்தான் போகும். எனக்கும் அப்படித்தான் போச்சு. ஒடம்புல உள்ள கெடுதியெல்லாம் எறங்குதுன்னு வச்சுக்க" என்றாள் காளியாயி, அனுபவசாலியாக.

மூன்றாவது வாரம் ராசம்மாவுக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டியது. வலது விலாவுக்குக் கீழே ஏதோ கனத்தது. உடம்பெல்லாம் அரித்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் படுக்கத் தோன்றியது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சுவர்க் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததை நம்பாமல் வாசல் வெளிச்சத்துக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். அங்கேயும் கண் மஞ்சளாகத்தான் இருந்தது. அதே நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கம் காளியாயியின் இருமல் மறுபடி கேட்க ஆரம்பித்தது. பாவம், இரண்டு பேரும் மற்றவளுக்குச் சத்துப் போதவில்லை என்றுதான் கவலைப்பட்டார்கள்.

சிவசாமி பேக்டரி வேலை முடிந்து வந்து பெண்டாட்டியின் கண்ணைப் பார்த்தான். மறுநாள் பெரட்டு, பேர் எதையும் பார்க்காமல் அவளைத் தலவாக்கலைக்குக் கூட்டிப் போய் நுவரெலியா பஸ்ஸில் ஏற்றினான். வழியில் இரண்டு தடவை பஸ்ஸை நிறுத்தி அவள் வாந்தி எடுத்தாள்.

"மாத்திரைய விட்டுட்டியா? உண்மையச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

"விடலங்க" என்று அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கிளினிக்கில் டொக்டர் ரோகினி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பேச்சில் கண்டிப்பு இருக்கும், கையில் இருக்காது. விலாவுக்குக் கீழே மெதுவாக அழுத்திப் பார்த்தார். அவசரமாக இரத்தம் எடுக்கச் சொன்னார். மத்தியானம் அறிக்கை வந்ததும் சிவசாமியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ராசம்மாவைக் கூப்பிட்டார்.

"அம்மா, உங்கட ஈரல் நல்லாப் பாதிச்சிருக்கு. போன முறை வந்தாப் போல இல்லை. குளிசையை ஒழுங்கா எடுத்தனீங்களோ?"

"மாத்திரைய எடுத்தேனுங்க டொக்டரம்மா."

"வேற ஏதும் எடுத்தனீங்களோ? நாட்டு மருந்து, லேகியம், நோவுக்குப் போடுற குளிசை?"

"இல்லீங்க."

"சலம் என்ன நிறத்தில போகுது?"

ராசம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். "செவப்பாப் போகுதுங்க. சத்து மாத்திரை குடிச்சா அப்படித்தான் போகும்னு..."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து போய் அடுத்த அறையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். "இதுவோ?"

அதே சிவப்பு. அதே அளவு. "இதுதானுங்க, சத்து மாத்திரை."

"சத்தோ? ஆர் சொன்னது? இது காசநோய்க்குக் குடுக்கிற மருந்து. நல்ல மருந்துதான். ஆனா ஈரலைச் சோதிச்சுச் சோதிச்சுத்தான் குடுக்கிறனாங்கள். ஏற்கெனவே வைரஸ் இருக்கிற ஈரலுக்கு இதைக் கேளாமல் போட்டா என்ன நடக்கும்? மற்றப் பக்கத்தால உங்கட குளிசையை விட்டு விட்டு எடுத்தா அடங்கிக் கிடந்த வைரஸ் எழும்பும். பிறகு அந்தக் குளிசைக்கே அது பழகிப்போகும். நீங்கள் ரெண்டு பிழையையும் ஒரேயடியாச் செய்திருக்கிறியள்!"

ராசம்மாவுக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. காசநோய் என்ற ஒரு சொல்தான் விழுந்தது. அப்படியென்றால் காளியாயிக்கா? அள்ளி அள்ளிக் கொழுந்து போட்ட அக்காவுக்கா?

"ஆர் தந்தது?"

"கடையில வாங்கினேனுங்க."

"இதைக் கடையில விக்கிறேல்லை அம்மா." டொக்டரின் குரல் தணிந்தது. "எனக்குப் பேர் வேண்டாம். ஆனா ஒண்டு கேளுங்கோ. உங்களுக்குத் தந்த ஆள் தன்ர மருந்தில பாதியை விட்டிட்டுது. அவவுக்கு நோய் திரும்பும். திரும்பினா இந்தக் குளிசைக்குக் கேட்காமலும் போகலாம். அவவோட ஒரே கூரையில இருக்கிறவைக்கும் தொத்தும். நீங்கள் காப்பாத்துறதா நினைச்சு அவவைச் சாக விடுறியள்."

அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். சிவப்பு மாத்திரை நிறுத்தப்பட்டது; வெள்ளை மாத்திரையை நர்ஸ் தினமும் நின்று விழுங்க வைத்தாள். ஆனால் ராசம்மா கட்டிலில் தங்கவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். "அம்மே, டிக்கக் இந்தகன்ன" என்று நர்ஸ் சிங்களத்தில் உட்காரச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனாள். சிவசாமியிடம் சொல்லி அனுப்பலாமா? அவன் வாயில் விழுந்தால் அது பீலியடி வரைக்கும் போகும். காளியாயியின் பானையை யாரும் தொட மாட்டார்கள். சொல்லாமல் இருக்கலாமா? இருந்தால் இன்றைக்கும் காளியாயி சிவப்பை விட்டு வெள்ளையை விழுங்கிக்கொண்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் காளியாயியே வந்து நின்றாள். பஸ் ஏறி வந்த களைப்பில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் இருமினாள். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து, ராசம்மாவின் கையைத் தடவிக் கொடுத்துவிட்டு, மடியிலிருந்து அந்த டப்பாவை எடுத்தாள்.

"இங்கன உள்ள மருந்தோட இதையும் சேத்துக் குடி. நர்சுக்குக் காட்டாத. எனக்குன்னு வச்சிருந்ததையும் கொண்டாந்துட்டேன்."

ராசம்மா டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இப்போது கேட்டால் இவள் மறைப்பாள். தானும் அப்படித்தானே டொக்டரிடம் மறைத்தாள்? முதலில் தன் வாயைத்தான் திறக்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டது.

"அக்கா, நான் ஒங்களுக்குக் குடுத்தது சத்து மாத்திரை இல்ல. எனக்கு ஈரல்ல கிருமி இருக்கு. ரெண்டு வருசமா இருக்கு. அதுக்குள்ள மருந்து அது."

காளியாயியின் கை சட்டென்று பின்னால் போனது. அது யோசித்துச் செய்தது இல்லை. பீலியடியில் பழகிய கை. ராசம்மா அதைப் பார்த்தாள். காளியாயியும் தன் கையைப் பார்த்தாள். வெட்கம் தாங்காமல் அவளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"பயப்படாதீங்க. தொட்டாலோ ஒண்ணாச் சாப்பிட்டாலோ ஒட்டாதாம். ரத்தத்துல, புருசன் பொண்டாட்டிக்குள்ள, தாய்கிட்ட இருந்து புள்ளைக்குத்தானாம். அவருக்கும் சோதிச்சு ஊசி போட்டாச்சு. நான்தான் சொல்லப் பயந்துகிட்டுக் கெடந்தேன்."

காளியாயி பின்னால் இழுத்த கையைத் திரும்பக் கொண்டுவந்து ராசம்மாவின் கையைப் பிடித்தாள். இந்த முறை இறுக்கமாகப் பிடித்தாள்.

"எனக்கு டீபி புள்ள" என்றாள். "அழகுமுத்து மாமாவுக்கு வந்தது."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா கையக் குடுத்துகிட்டு இருக்க?"

"நீங்க கொழுந்து போடையில கணக்குப் பாத்தா போட்டீங்க?"

இருவரும் அழுதார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களப் பெண் ஏதோ சாவு விழுந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அழுது முடித்ததும் காளியாயி தானாகவே எழுந்து டொக்டரைத் தேடிப் போனாள்.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காளியாயியின் சளியை மறுபடி சோதித்தார்கள். நல்ல காலம், மருந்துக்குக் கேட்காத அளவுக்கு நோய் முற்றவில்லை. இனிமேல் தினமும் டிஸ்பென்சர் முன்னால்தான் விழுங்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி, மருந்துக் காலத்தையும் நீட்டினார்கள். ராசம்மா மூன்று வாரம் வார்டில் கிடந்து, எலும்பும் தோலுமாக வீடு வந்தாள். அவள் பிழைத்தது மயிரிழையில் என்று டொக்டர் ரோகினி சிவசாமியிடம் ஒளிக்காமல் சொன்னார்.

சித்திரை கழிந்து ராசம்மா மலைக்குத் திரும்பிய முதல் நாள். அந்தி நிறுவைக்குப் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்ற பிரியந்தி கலியாணமாகி வந்த புதுப்பெண். இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"ராசம்மாக்கா, ஒங்க சத்து மாத்திரையில எனக்கும் ரெண்டு குடுங்களேன். ஒரே அசதியா இருக்கு."

கேட்டது சாதாரணமான கேள்வி. ஆனால் ராசம்மாவுக்கு வேர்த்துவிட்டது. "தீந்துபோச்சு" என்று ஒரு சொல் சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். அந்தச் சொல் நாக்கின் நுனி வரை வந்தது. அவள் காளியாயியைப் பார்த்தாள். காளியாயி தலையைக் குனிந்து கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அது சத்து மாத்திரை இல்ல தாயி" என்றாள் ராசம்மா, வரிசை முழுக்கக் கேட்கும்படி. "எனக்கு ஈரல்ல கிருமி. தெனம் ஒண்ணு, ஆயுசுக்கும் குடிக்கணுமோ என்னமோ. ஒனக்குக் குடுத்தா ஒனக்கும் ஒதவாது, எனக்கும் எமன். ஒனக்கு அசதின்னா டிஸ்பென்சரிக்குப் போ, ரத்தத்தச் சோதி."

ஒருத்தி தன் தண்ணீர்ப் போத்தலைக் கால்பக்கம் நகர்த்திக்கொண்டாள். கங்காணி நல்லமுத்து தராசைப் பார்ப்பதா ஆளைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார்.

"அவ மட்டும் இல்ல" என்று காளியாயி நிமிர்ந்தாள். "எனக்கு டீபி. மருந்து ஒழுங்கா ஓடுது, இப்ப சளியில கிருமி இல்லன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. யாருக்கும் தொத்தாது. இனி போத்தல நகத்துறவங்க ரெண்டு போத்தலா நகத்திக்கங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். போத்தலை நகர்த்தியவள்தான் முதலில் முகம் சிவந்தாள். பிறகு அதை எடுத்து, மூடியைத் திறந்து, வேர்த்து நின்ற ராசம்மாவிடம் நீட்டினாள். கங்காணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ம், கூடையக் கொண்டாங்க, இருட்டுது" என்றார்.

ராசம்மாவின் கூடை இரண்டு கிலோ குறைந்தது. காளியாயி எல்லோருக்கும் முன்னால், மறைக்காமல், தன் கூடையிலிருந்து அள்ளிப் போட்டாள். கங்காணி வழக்கம்போல முள்ளைத் துடைத்தார்.

ராசம்மா மடியை அவிழ்த்து அந்தத் தைல டப்பாவை எடுத்து நீட்டினாள். "இந்தாங்கக்கா ஒங்க டப்பா. வெறும் டப்பாதான்."

காளியாயி அதைத் திறந்து பார்த்து, திருப்தியோடு மூடினாள். "இப்படித்தான் வரணும். கொழுந்து கொறைஞ்சா கேளு புள்ள, கூடையக் கவுத்துத் தாரேன். மருந்து மட்டும் அவங்கவங்க கையில, ஒரு நாளும் தவறாம இருக்கணும். நாம பங்கு போட்டிருக்க வேண்டியது நோவ. அத ஆளுக்கொரு மூலையில ஒளிச்சு வச்சிட்டு, மாத்திரையப் பங்கு போட்டோமே, அதுதான் நம்மளக் கொல்லப் பாத்துச்சு."